டயருக்கும் வயது உண்டு

இரு சக்கர வாகனம் இல்லாத தமிழ்க் குடும்பம் நாக்பூரில் அநேகமாக இல்லை எனலாம். காலையில் பிள்ளையைப் பள்ளியில் விடுவது, அலுவலகம் போவது, சீதாபுல்டிக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவது, மாலையில் சங்க நிகழ்ச்சிக்கு வருவது எல்லாமே அந்த இரண்டு சக்கரங்களின் மேல்தான் நடக்கின்றன. வண்டிக்கு வேளா வேளைக்கு ஆயில் மாற்றுகிறோம். பிரேக் கட்டை தேய்ந்தால் மாற்றுகிறோம். ஹாரன் அடிக்கவில்லை என்றால் அன்றைக்கே மெக்கானிக்கிடம் போகிறோம். டயரை மட்டும் பஞ்சர் ஆகும் நாளில்தான் குனிந்து பார்க்கிறோம்.

"டயரை எப்போது மாற்ற வேண்டும்?" என்று யாரைக் கேட்டாலும், "பட்டன் தேய்ந்த பிறகு" என்றுதான் பதில் வருகிறது. இந்தப் பதில் பாதிதான் சரி. மற்றப் பாதியைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுத முன்வந்தேன்.

நான் டயர் நிபுணன் அல்லன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, வேகன் பராமரிப்பில் தலை நரைத்தவன். ஆனால் எந்தப் பொருளை எப்போது கழற்றி எறிய வேண்டும் என்று முடிவு செய்வதே என் அன்றாட வேலையாக இருந்தது. அந்தப் பழக்கத்தை வீட்டு வண்டிக்கும் பொருத்திப் பார்த்ததில் தெரிந்துகொண்டவற்றை அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

ரயில்வே சொல்லும் இரண்டு விதிகள்

ரயில் சக்கரத்தின் வெளி வளையத்திற்கும் டயர் என்றுதான் பெயர். அது எஃகு. அதைப் பார்த்து, "இன்னும் கொஞ்ச நாள் ஓடும் போலிருக்கிறது" என்று யாரும் சொல்ல முடியாது. சட்டைப்பையில் ஒரு கேஜ் இருக்கும். அதை வைத்துப் பார்க்க வேண்டும். சரக்கு வேகன் சக்கரத்தில் தண்டவாளத்தை விட்டு இறங்காமல் காக்கும் விளிம்பு 16 மி.மீ.க்குக் கீழே மெலிந்துவிட்டால் அந்தச் சக்கரம் ஓடக் கூடாது. ஓடும் பரப்பு 5 மி.மீ. குழிந்தாலும் கூடாது. பிரேக் பிடித்து இழுபட்டதால் 60 மி.மீ.க்கு மேல் ஓரிடத்தில் தட்டையானாலும் கூடாது. கேஜ் சொன்னால் சொன்னதுதான். அங்கே வாதத்திற்கு இடமில்லை.

பிரேக் குழாயும், வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வளையமும் வேறு கதை. பெரிய பராமரிப்புக்கு வண்டி பணிமனைக்குள் வந்தால் அவற்றில் பலவற்றைக் கட்டாயம் மாற்றியே தீர வேண்டும். கையில் எடுத்துப் பார்த்தால் புதிது போலவே இருக்கும். புதிதாகச் சேர்ந்த பையன்கள், "சார், இது நன்றாகத்தானே இருக்கிறது?" என்று கேட்பார்கள். நன்றாக இருப்பதாகத் தோன்றுவதுதான் ரப்பரின் குணம். அது எஃகைப் போலத் தேய்ந்து காட்டாது; உள்ளுக்குள் கெட்டுப்போகும். ஆகவே எஃகுக்கு அளவு, ரப்பருக்குத் தேதி என்று இரண்டு விதிகள்.

மோட்டார் சைக்கிள் டயரோ தேயவும் செய்கிறது, முதுமையும் அடைகிறது. எனவே அதற்கு இந்த இரண்டு விதிகளுமே பொருந்தும். எது முந்துகிறதோ அதன்படி மாற்ற வேண்டும்.

இரண்டு தீப்பெட்டி அகலம்

நூறு சி.சி. வண்டி ஒன்றின் முன் சக்கரத்தின் மேல் சுமார் 70 கிலோ எடை இறங்குவதாக வைத்துக்கொள்வோம். டயரில் 25 பவுண்டு காற்று இருந்தால் அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.75 கிலோ. 70-ஐ 1.75-ஆல் வகுத்தால் 40 வரும். அதாவது முன் டயர் சாலையைத் தொடும் இடம் சுமார் 40 சதுர சென்டிமீட்டர்தான். இரண்டு தீப்பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எவ்வளவு இடமோ அவ்வளவே. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. அந்தச் சிறிய இடம்தான் நம்மைத் தாங்குகிறது. காரில் ஒரு டயர் வழுக்கினால் மற்ற மூன்றும் தாங்கும். இரு சக்கர வண்டியில் முன் டயர் வழுக்கினால் கீழே விழுவதுதான்.

தேய்மானத்தை அளப்பது

டயரின் பக்கவாட்டில் சிறிய முக்கோணமோ, டி.டபிள்யூ.ஐ. என்ற மூன்று எழுத்துகளோ இருக்கும். அதற்கு நேராகப் பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தைப் பார்த்தால் ஒரு சிறு மேடு தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்திற்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 94-ஆம் விதி இரு சக்கர வண்டிக்குக் குறிப்பிடும் குறைந்தபட்ச ஆழம் 0.8 மி.மீ. கார் முதலியவற்றுக்கு 1.6 மி.மீ.

இது சட்டத்தின் எல்லை. சாலை காய்ந்திருக்கும் வரை அதுவரை ஓட்டிவிடலாம். ஆனால் அந்தப் பள்ளங்கள் இருப்பதே தண்ணீரை வெளியேற்றத்தான். பள்ளம் ஆழம் குறையக் குறைய ஈரச் சாலையில் பிடிப்பும் குறையும். மராத்தியர்கள் மிருக நட்சத்திரம் என்று கணக்கிடும் ஜூன் 7-ஆம் தேதி வாக்கில், மழைக்கு முன்பாக, ஒரு முறை அளந்து பார்ப்பது என் வழக்கம். அப்போது 1.5 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் மேட்டைத் தொடும் வரை நான் காத்திருப்பதில்லை. முதல் மழையில்தான், நான்கு மாதத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்து சாலை மிகவும் வழுக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அளப்பதற்கு வெர்னியர் இருந்தால் அதன் பின்புறம் நீளும் ஊசி போதும். இல்லாவிட்டால் மருந்துத் தீர்ந்த தீக்குச்சி ஒன்றைப் பள்ளத்தில் நிறுத்தி, பட்டன் மட்டத்தில் பேனாவால் கோடு போட்டு, பிள்ளையின் ஸ்கேலில் வைத்துப் பார்க்கலாம். ஓரிடத்தில் மட்டும் பார்த்தால் போதாது. சக்கரத்தைச் சுழற்றி நான்கைந்து இடங்களிலும், நடுவிலும் இரு ஓரங்களிலும் பார்க்க வேண்டும். தினமும் வார்தா சாலையில் பூட்டிபோரி வரை நேராகப் போய் வருபவர்களின் பின் டயர் நடுவில் மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். அத்தகைய டயர் வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது ஒரு தினுசாக உதைக்கும். ஓரத்தில் பட்டன் நிறைய இருக்கிறது என்று அதை வைத்துக்கொள்ளக் கூடாது.

தேதியைப் படிப்பது

இனி இரண்டாம் விதி. டயரின் பக்கவாட்டில் எழுத்துகளும் எண்களுமாக ஒரு வரிசை இருக்கும். அதில் நான்கு இலக்க எண் ஒன்று, பெரும்பாலும் நீள்வட்டக் கட்டத்துக்குள், தனியாகத் தெரியும். முதல் இரண்டு இலக்கம் வாரம். கடைசி இரண்டு இலக்கம் ஆண்டு. 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம், அதாவது ஜூன் மாதம் தயாரானது என்று அர்த்தம். 2000-க்கு முந்தைய டயர்களில் இந்த எண் மூன்று இலக்கமாக இருந்தது. மூன்று இலக்கம் கண்ணில் பட்டால் யோசிக்காமல் கழற்றிவிட வேண்டியதுதான். சில டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே எண் இருக்கும். தெரியவில்லை என்றால் மறுபக்கம் பார்க்கவும்.

பிள்ளைகளிடம் டார்ச்சைக் கொடுத்து இந்த எண்ணைத் தேடச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்து விடுவார்கள். வீட்டிலுள்ள எல்லா வண்டிகளின் எண்களையும் ஆர்.சி. வைத்திருக்கும் உறையின் மேல் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

ரப்பர் ஏன் முதுமை அடைகிறது

பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அதில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் உறுதியும் நெகிழ்வும் ஒருங்கே கிடைக்கும் என்று 1839-இல் கண்டறிந்தவர் சார்லஸ் குட்இயர். கந்தகம் ரப்பரின் நீண்ட இழைகளுக்கிடையே பாலம் போடுகிறது. பிரச்சினை என்னவென்றால், டயர் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த பிறகும் இந்த வேதிவினை முழுவதும் நின்றுவிடுவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொண்டு புதிய பாலங்களைப் போடுகிறது, பழைய இழைகளை அறுக்கிறது. ரப்பர் மெல்ல மெல்லக் கெட்டிப்படுகிறது. காற்றில் சிறிதளவே இருக்கும் ஓசோன், இழுபட்ட நிலையில் உள்ள ரப்பரைத் தாக்கி மயிரிழை போன்ற வெடிப்புகளை உண்டாக்குகிறது.

இவற்றைத் தடுக்கத்தான் தயாரிப்பாளர்கள் ரப்பருடன் சில மருந்துகளையும் ஒரு வகை மெழுகையும் சேர்க்கிறார்கள். டயர் கறுப்பாக இருப்பதற்குக் காரணமான கார்பன் கரியும் சூரியனின் புற ஊதாக் கதிரிலிருந்து காக்கிறது. வண்டி ஓடும்போது டயர் நெகிழ்ந்து நிமிர்வதால் அந்த மெழுகு உள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்து மெல்லிய போர்வையாகப் படிகிறது. வண்டி நின்றே இருந்தால் இந்தப் போர்வை சரிவரப் படிவதில்லை. ஆகவே ஓடாமல் நிற்பதால் டயர் மிச்சமாகிறது என்பது தப்புக் கணக்கு.

வெப்பம் இதையெல்லாம் துரிதப்படுத்தும். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பொறியாளர்கள் கையாளும் உத்தேசக் கணக்கு. மே மாதத்தில் 45 டிகிரியைத் தொடும் நம் ஊரில், சுடு சிமெண்டுத் தரையில் நாள் முழுக்க நிற்கும் வண்டியின் டயர், ஊட்டியில் நிற்கும் வண்டியின் டயரைவிட எவ்வளவு சீக்கிரம் கிழடாகும் என்று அன்பர்களே யோசித்துக்கொள்ளலாம்.

கெட்டிப்பட்ட ரப்பர் சாலையின் நுண்ணிய மேடு பள்ளங்களில் பதிந்து பிடிக்காது. அதனால்தான் பட்டன் முழுசாக இருக்கும் பழைய டயர்கூட ஈரத்தில் சறுக்குகிறது.

ஓடாத வண்டி

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். குடும்பத் தலைவர் 2015-இல் காலமானார். அவர் ஓட்டிய ஸ்கூட்டர் வீட்டு வராந்தாவில் துணி போர்த்தி நின்றது. விற்க மனம் வரவில்லை. 2022-இல் மகளுக்கு வேலை கிடைத்தது. அப்பாவின் வண்டியிலேயே வேலைக்குப் போகிறேன் என்று அந்தப் பெண் ஆசைப்பட்டாள். மெக்கானிக் வந்து கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, பேட்டரி மாற்றி, வண்டியைக் கிளப்பிக் கொடுத்துவிட்டார். டயரைப் பற்றிக் கேட்டதற்கு, "சலேகா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த அம்மாள் மனத் திருப்திக்காக என்னை ஒரு முறை பார்க்கச் சொன்னார்.

பட்டன் அருமையாக இருந்தது. எண்ணைத் துடைத்துப் படித்தேன். 3413. அதாவது 2013 ஆகஸ்டு. ஒன்பது வயது.

"அண்ணா, அவர் கையால் வாங்கிப் போட்ட டயர். இரண்டு வருஷம்கூட ஓட்டவில்லை. மாற்றத்தான் வேண்டுமா?" என்று கேட்டார் அந்த அம்மாள். செலவை நினைத்து அவர் கேட்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

"மாற்றத்தான் வேண்டும் அம்மா. வண்டி அவருடையதாகவே இருக்கட்டும். டயர் பெண்ணுக்காகப் புதிதாக இருக்கட்டும்" என்றேன்.

கடையில் டயரை ரிம்மிலிருந்து கழற்றி, கடைக்காரர் கையால் மடக்கிக் காட்டினார். ரிம்மை ஒட்டிய பகுதியில் சுற்றிலும் வெடிப்பு. இரண்டு இடங்களில் உள்ளேயிருக்கும் நைலான் நூல் தெரிந்தது. வண்டியில் மாட்டியிருந்தவரை அது யார் கண்ணிலும் பட்டிருக்காது. அந்தப் பெண் அன்றைக்கே தாயாரைப் பின்னால் உட்கார வைத்து அதே வண்டியில் வீட்டுக்குப் போனாள்.

பழைய கியர் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் ஸ்டெப்னியையும் மறக்கக் கூடாது. பஞ்சர் ஆகும் நாளில் பத்துப் பன்னிரண்டு வயதான அந்த டயர்தான் சாலைக்கு வருகிறது.

வயது வரம்பு என்ன?

டயர் தயாரிப்பாளர்கள் சிலர் தரும் ஆலோசனை இது: ஐந்து ஆண்டு ஆன டயரை அதன்பின் ஆண்டுக்கொரு முறையாவது தெரிந்தவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும், பத்து ஆண்டு ஆனால் பார்வைக்கு எப்படி இருந்தாலும் அகற்ற வேண்டும். பத்து என்பது உச்ச வரம்பு. அதுவரை ஓட்டலாம் என்ற உத்தரவாதம் அல்ல. விதர்ப்பாவின் வெயிலைக் கணக்கிட்டு நான் எனக்கென்று வைத்துக்கொண்டிருக்கும் வரம்பு ஆறு ஆண்டு. முன் டயருக்கு இதில் சலுகை கிடையாது.

செலவையும் பார்ப்போம். சாதாரண வண்டிக்கு ஒரு டயர் இரண்டாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், ஆறு ஆண்டுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு ஒரு ரூபாய்கூட ஆகவில்லை. எலும்பு முறிந்தால் ஆகும் செலவை நான் எழுத வேண்டியதில்லை.

வயதும் அளவும் பாராமல் உடனே மாற்ற வேண்டியவையும் உண்டு. பக்கவாட்டில் முட்டை போலப் புடைப்பு வந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது என்று பொருள். பள்ளத்தில் வேகமாக இறங்கிய டயரில் இது வரும். நூல் தெரியுமளவு வெட்டு, நகம் நுழையுமளவு வெடிப்பு, பட்டன் பெயர்ந்து வருவது ஆகியவையும் அப்படியே. மேற்பரப்பில் மட்டும் தெரியும் மயிரிழை வெடிப்பு உடனடி ஆபத்தல்ல. ஆனால் அது டயர் நமக்கு எழுதும் முதல் நோட்டீஸ். அப்போதே தேதியைப் பார்த்துவிட வேண்டும்.

மொட்டையான டயரில் சூட்டுக் கத்தியால் புதுப் பள்ளம் வெட்டித் தருபவர்கள் சாலையோரங்களில் உண்டு. மிச்சமிருக்கும் ரப்பரையும் வெட்டி எடுக்கும் அந்த வேலைக்குக் காசு கொடுப்பது, விபத்துக்கு முன்பணம் கொடுப்பது போலத்தான். லாரி, பஸ் டயர்களுக்கு ரீட்ரெட் செய்வது முறையான தொழில். இரு சக்கர வண்டிக்கு அது வேண்டாம்.

ஊருக்குப் போகும்போது

கோடை விடுமுறைக்கு நாம் ஊருக்குப் போய்த் திரும்ப ஒரு மாதம், இரண்டு மாதம் ஆகிவிடுகிறது. அந்த நாட்களில் காற்று இறங்கி, டயர் ஒரே இடத்தில் நசுங்கி நிற்கும். பக்கவாட்டு ரப்பர் அங்கேயே இழுபட்டிருப்பதால் வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். எனவே புறப்படும் முன் முழுக் காற்று அடித்து, நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நிழலில் வைத்துவிட்டுப் போகவும். தரையில் எண்ணெய் சிந்தியிருந்தால் துடைத்துவிடவும். மண்ணெண்ணெய், டீசல் தடவி டயரைப் பளபளப்பாக்குவது அடியோடு கூடாது. அவை ரப்பரை ஊதச் செய்து கெடுக்கும். திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் காற்றும் வெடிப்பும் பார்த்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.

மற்ற நாட்களிலும் பதினைந்து நாளுக்கொரு முறை, வண்டி ஓடிச் சூடாகும் முன் காற்றுப் பார்ப்பது அவசியம். எத்தனை பவுண்டு என்பது வண்டியின் கையேட்டிலோ, செயின் உறை அருகே ஒட்டிய தாளிலோ இருக்கும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் டயருக்குக் கூடுதல் அளவு தனியே கொடுத்திருப்பார்கள். காற்றுக் குறைந்த டயர் அதிகமாக நெளிந்து சூடாகும்; சூடு முதுமையைச் சீக்கிரம் கொண்டு வரும்.

புது டயர் வாங்கும்போது

கடையில் டயரைக் கையில் வாங்கியதும் முதலில் தேதியைப் படியுங்கள். ஓராண்டுக்குள் தயாரானதாகக் கேளுங்கள். இரண்டு மூன்று ஆண்டு கிடங்கில் இருந்த டயருக்கு நாம் ஏன் முழு விலை கொடுக்க வேண்டும்? ஐ.எஸ்.ஐ. முத்திரையும், ஐ.எஸ். 15627 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பார்க்கவும்.

அளவு கையேட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். உதாரணமாக 2.75-18 42பி என்றால், 2.75 அங்குல அகலம், 18 அங்குல ரிம். 42 என்ற குறியீடு 150 கிலோ வரை தாங்கும் என்பதையும், பி என்ற எழுத்து மணிக்கு 150 கி.மீ. வேக வரம்பையும் காட்டும். அதே அளவில் 48 என்றிருந்தால் 180 கிலோ. குடும்பத்தோடு போகும் வண்டியில் இந்த எண்ணைக் கையேடு சொல்வதற்குக் கீழே இறக்கக் கூடாது. சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் அதன்படி மாட்டியிருக்கிறார்களா என்று சரிபார்க்கவும். டியூப் உள்ள வண்டியானால் டயரோடு டியூபையும் மாற்றிவிடுவது நல்லது. அதுவும் ரப்பர்தானே! நன்றாக இருக்கும் டயரைப் பின்னுக்கும் தேய்ந்ததை முன்னுக்கும் மாற்றிப் போடும் சிக்கனம் வேண்டாம். புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 150 கி.மீ. வரை திடீர் பிரேக்கும் வளைவில் வேகமும் தவிர்க்கவும்.

பழைய வண்டி வாங்குபவர்கள், டயர் கன்னங்கரேல் என்று மின்னினால் சந்தேகப்படவும். பாலிஷ் வெடிப்பை மறைக்கும், தேதியை மறைக்காது.

சங்க நூலகம் திறந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் அங்கே இருப்பேன். ஆழம் பார்க்கும் கருவியும் டார்ச்சும் என் பையில் இருக்கும். புத்தகம் மாற்ற வருபவர்கள் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு ஒரு குரல் கொடுத்தால் போதும். இரண்டு நிமிட வேலை, காப்பிகூட வேண்டாம்.